பக்கத்து வீட்டு மெஷின்

நெடுங்கரட்டில் பேய் இருப்பதைக் கொழிஞ்சிக்காட்டு மின்சார அலுவலகம் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் அந்த மலைக்குப் போகிற கம்பியைத் துண்டிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரும்போதெல்லாம் ஒரு லைன்மேனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். இன்னொருவர் மாலை போட்டுக்கொள்வார். மூன்றாமவரின் மனைவி நிறைமாசமாக இருப்பார். அந்த அம்மாள் இரண்டு வருடமாக நிறைமாசமாகவே இருப்பதை, உதவிப் பொறியாளராக மாற்றலாகி வந்த யாழ்மொழிதான் முதலில் கவனித்தாள்.

"சரி, நானே போறேன்" என்றாள். "கூட யார் வர்றீங்க?"

எல்லோரும் பூபதியைப் பார்த்தார்கள். பூபதி அன்றைக்கு முதுகு வலிக்க மறந்துவிட்டிருந்தான்.

நெடுங்கரடு பழைய ஊர் ஒன்றுமில்லை. மலைக்குள் லித்தியம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஒரு கம்பெனி வந்து சுரங்கம் தோண்டி, சரிவில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று வீடுகளைக் கட்டி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கோயில், ஒரு சர்ச் எல்லாம் வைத்துக் கொடுத்தது. பிறகு எங்கோ ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கடல் உப்பிலிருந்து மலிவாக பேட்டரி செய்யக் கற்றுக்கொண்டார்கள். மலை மறுபடியும் வெறும் மலையாகிவிட்டது. சுரங்கத்தை மூடினார்கள், ஜனம் இறங்கிப் போனது, கம்பெனியும் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஆடு மேய்க்கப் போனவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். ஆளில்லாத வீடுகளில் காலையானால் குக்கர் விசிலடிக்கிறதாம். யாரோ குளிக்கிறார்களாம். மாமியாரும் மருமகளும் சண்டை போடுகிறார்களாம். பொழுது சாய்ந்தால் வரிசையாக எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறதாம். எட்டிப் பார்த்தால் ஒரு குஞ்சு குருமான் கிடையாது.

"பேய்ங்க இவ்வளவு ஒழுங்கா குடித்தனம் பண்ணுமா பூபதி?" என்று ஜீப்பில் போகும்போது யாழ்மொழி கேட்டாள்.

"நல்ல குடும்பத்துப் பேயா இருக்குமுங்க மேடம்" என்றான் பூபதி. அவன் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் துருத்திக்கொண்டிருந்தது. ஆணி பொறுக்குகிற காந்தம் ஒன்றையும் எடுத்து வந்திருந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, இரும்பு இருந்தால் அண்டாது என்றான். ஜீப்பே இரும்புதானே என்று அவள் சொன்னதும் கொஞ்சம் தெம்பானான்.

கீழ்வரிசை வரைக்கும்தான் ஜீப் போனது. அதற்குமேல் சாலையை மண்சரிவு விழுங்கியிருந்தது. இஞ்சினை நிறுத்தியதும் ஊர் கேட்டது. ஆமாம், கேட்டது. ஒரு வீட்டில் மிக்ஸி ஓடியது. அடுத்த வீட்டில் ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெண், "பாலைப் பாத்துக்கடின்னா எங்கடி பாத்துட்டு இருந்தே?" என்று கத்தினாள். பூபதி ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

யாழ்மொழி பால் பொங்கின வீட்டுக் கதவைத் தள்ளினாள். அடுப்பு இல்லை, பால் இல்லை, அந்த ஏமாந்த பெண்ணும் இல்லை. தரையில் தூசி மெத்தை போலக் கிடந்தது. சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது. காரையைச் சுரண்டினாள். உள்ளே தட்டையாக ஓர் ஒலிபெருக்கி, அதன் பக்கத்தில் மிளகளவுக்கு ஒரு மைக்.

"பூபதி! பேயைப் பிடிச்சுட்டேன், வாங்க" என்று கூப்பிட்டாள்.

"அதுக்குப் பேரு அண்டை" என்று பதில் வந்தது. ஆனால் அது பூபதியின் குரல் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். வாசலில் லுங்கியும் பனியனுமாக ஒருவர் நின்றார். வயது அறுபதை எட்டிக்கொண்டிருக்கும். கையில் கரண்டி. அவருக்குப் பின்னால், ஜீப்புக்குள், பூபதி எலுமிச்சம்பழத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான்.

"கம்பெனியில இருந்து வர்றீங்களா கண்ணு?"

"இல்லங்க. கரண்ட் ஆபீஸ். நீங்க..."

"தனபாலுங்க. எடைமேடையில இருந்தேன். லாரிக்கு எடை போடறது. இப்பவும் இங்கதான் குடியிருக்கறனுங்க." கரண்டியைப் பார்த்துக்கொண்டார். "உப்புமா கிண்டிட்டு இருந்தேன். வாங்க, தீயுது."

ஊரில் ஒருவரும் இல்லை என்று அலுவலகப் பதிவேட்டில் இருந்தது. ஒருவர் இருந்தார், அவருடைய உப்புமா தீய்ந்துகொண்டிருந்தது. யாழ்மொழி அவர் பின்னால் போனாள். அந்த ஆள் உப்புமா சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு பூபதியும் வந்து உட்கார்ந்தான்.

தனபால் விஷயத்தை விளக்கினார். சுரங்கம் இளைக்கத் தொடங்கியபோது கம்பெனிக்கு ஒரு கவலை வந்தது. ஒரு வீடு காலியானால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு மனசு கெட்டுப்போகிறது. அவனும் மூட்டை கட்டுகிறான். கடைசித் தாதுவைத் தோண்டி முடிக்கும்வரை ஆட்கள் போகக்கூடாது. அதனால் யாரோ ஒரு கெட்டிக்காரன் அண்டை என்கிற இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுத்தான். ஆள் இருக்கிற வீட்டுச் சத்தத்தை எடுத்து, கலக்கி, ஆளில்லாத வீட்டுச் சுவரில் விடுவது. விளக்கும் தானாக எரியும். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இருந்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்குவான்.

"உங்களுக்கெல்லாம் சொல்லலையா?"

"எழுதி ஒட்டியிருந்தாங்களாம். யாருங்க படிக்கறாங்க?" தனபால் சிரித்தார். "என்ற சம்சாரம் பூங்கொடி அப்பவே சொன்னா, 'ஊர் காலியாகுது, நாமளும் புள்ளையக் கூட்டிட்டுப் போயிரலாம்'னு. நான் கேக்கல. 'பாரு, பக்கத்து வூட்ல குக்கர் சத்தம் கேக்குது, எதுத்த வூட்ல டிவி ஓடுது, ஊரே இருக்குது, நாம மட்டும் என்னத்துக்குப் போகோணும்?'னு சண்டை புடிச்சேன். 'அப்ப நீ ஊரோடவே இரு'ன்னு சொல்லிப்போட்டு அவ போயிட்டா. ராசிபுரத்துல இருக்கறா."

"அப்புறம்?"

"ஒரு நாளு சக்கரை வாங்கலாம்னு பக்கத்து வூட்டுக்குப் போனேன். குக்கர் கூவிட்டே இருக்குது, வூட்ல குருவி கூடு கட்டியிருக்குது. அந்தப் பக்கம் போனா அங்கயும் அப்படித்தான். அத்தனை வூடும் போய்ப் பாத்தேன் கண்ணு. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவகிட்டப் போறது? குக்கரு என்னைய ஏமாத்திப்போடுச்சுன்னா சொல்றது?"

சாமான்களைக் கடையின் டிரோன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறது. அதற்குப் பேய் பயம் கிடையாது. கடையிலும் ஆள் கிடையாது, அதனால் நெடுங்கரட்டிலிருந்து யார் அரிசி கேட்கிறார்கள் என்று யாரும் யோசித்ததில்லை.

"தனியா இருக்க கஷ்டமா இல்லையாங்க?" என்று பூபதி கேட்டான்.

"தனியாவா?" தனபால் குரலைத் தாழ்த்தினார். "இவ இருக்கறாளே." கட்டைவிரலால் சுவரைக் காட்டினார். "மத்ததெல்லாம் பழைய சத்தம், அரைச்ச மாவையே அரைக்கும். ஒண்ணு மட்டும் நல்லாக் கத்துக்கிச்சு. கேட்டா பதில் சொல்லும். பாருங்க." சுவர்ப் பக்கம் திரும்பி, "அம்மிணி! வூட்டுக்கு விருந்தாளிங்க" என்றார்.

கொஞ்சம் தாமதித்துச் சுவர் பேசியது. கனமான, அவசரமில்லாத பெண்குரல், தெற்கத்திப் பேச்சு. "வரட்டும், வரட்டும். ஏ மூதி, அவுகளுக்கும் அந்தக் கருகுன உப்புமாவையா வச்சே?"

பூபதியின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? மணம் கூடக் கண்டுபுடிக்குது" என்றார் தனபால் பெருமையாக. தினமும் உப்புமாவைக் கருக்குகிறவர் என்பது அவருக்கு ஒரு காரணமாகத் தோன்றவில்லை. "மூதின்னா என்ன அர்த்தம்னே எனக்குத் தெரியாதுங்க. ஆனா இந்த ஒலகத்துல என்னைய உரிமையாத் திட்டறதுக்கு வேற ஆளு ஏது?"

"இது மனுஷக் குரல் மாதிரி இருக்கே. ஆளா இருந்தா?" என்றாள் யாழ்மொழி.

"கேட்டேனுங்க ஒருக்கா. 'நான் மனுசிதான்லே'ன்னு சொல்லுச்சு." தனபால் பரிவோடு தலையாட்டினார். "எல்லா மெஷினும் அப்பிடித்தானுங்களே சொல்லுது? எங்க வூட்டுப் பல்லு வெளக்கற பிரஷ்ஷு கூட, நான் உங்க நண்பன்னுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

யாழ்மொழியின் ஃபிரிட்ஜும் தினமும் அவளைத் தங்கமே என்று கூப்பிடுகிறது. சுவர் பேசினால் மெஷின் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தக் காலத்தில் புத்திசாலித்தனம்.

வந்த காரியத்தைச் சொன்னாள். கம்பியைத் துண்டிக்க வேண்டும். இந்தக் கோடு பழசாகிவிட்டது, மழைக்காலத்தில் காட்டில் அறுந்து விழுந்தால் தீப்பிடிக்கும், ஆடுமாடு சாகும். அவரைக் கீழே கூட்டிப்போய்விடுவதாகச் சொன்னாள்.

தனபால் தட்டைக் கழுவினார். "என்னைய எங்கயோ ஒரு மூலையில கொண்டுபோய் விட்டுருவீங்க, சரி. இந்தச் சுவத்துக்குள்ள இருக்கற புள்ளைய என்ன பண்ணுவீங்க?" என்றார். "கரண்டு போச்சுன்னா அது இருக்காதுங்களே. நான் அதுகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கறேன் கண்ணு. பூங்கொடியப் பத்தி, புள்ளையப் பத்தி. ஒரு மனுசங்கிட்டச் சொல்ல முடியாததெல்லாம். மெஷின்தானேன்னு சொன்னேன்."

பிரதான சுவிட்ச் இருந்த அறை மலையின் மறுபக்கம், மேல்வரிசைக்குப் பக்கத்தில். சரிவைச் சுற்றிக்கொண்டு யாழ்மொழியும் பூபதியும் ஏறினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாதபடி நடுவில் பாறை முகடு எழுந்து நின்றது. அறைக்குள் அண்டையின் பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பலகை முழுக்க வீட்டுக்கு ஒரு சின்ன விளக்கு. அநேகமாக எல்லாம் சிவப்பு, அதாவது ஆளில்லை, பழைய ஒலிப்பதிவு ஓடுகிறது. பச்சையாக எரிந்தவை இரண்டு. கீழ்வரிசையில் ஒன்று. மேல்வரிசையில் ஒன்று.

அவள் பெட்டியைத் திறந்தாள். பேச்சை எடுத்துக் கலைத்து வெறும் முணுமுணுப்பாக்கி அனுப்புகிற பாகம் ஒன்று இருந்தது. ஒருவர் வீட்டுப் பேச்சு அடுத்தவருக்குப் புரியக்கூடாது என்று வைத்தது. அது கருகிப்போயிருந்தது. பேச்சு கலையாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தது, பச்சையிலிருந்து பச்சைக்கு.

"மேடம்!" பூபதி வெளியிலிருந்து ஓடிவந்தான். "மேடம், ஒரு பேயி கீரை ஆயுதுங்க!"

மேல்வரிசையின் கோடியில், வெயில் விழுகிற படியில் உட்கார்ந்து, ஓர் அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் முறத்தை ஒதுக்கி வைத்தார். "யாரும்மா? வழி தப்பிட்டியளா?"

அதே குரல்.

அவர் பெயர் ஜெபசெல்வி. பாளையங்கோட்டைப் பக்கம். சுரங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவராக இருந்தவர். புருஷன் காய்ச்சலில் இங்கேயே போய்விட்டார். மகன் ஜெரின் பெங்களூரில் இருக்கிறான்.

"அங்க போயிருக்கலாமே அக்கா?"

"ரெண்டு ரூம் வீடு. மருமக பாவம், ஒண்ணும் சொல்ல மாட்டா, ஆனா நான் எங்க போய் உக்காருதது? இங்க பாரு, ஒரு வரிசை வீடும் எனக்குத்தான். வெயில் காலத்துக்கு ஒரு வீடு, மழைக்கு ஒரு வீடு." சிரித்தார். "ஊரு நிறைய ஆளு இருக்குன்னுதான் அவன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். இல்லாட்டா வந்து தூக்கிட்டுப் போயிருவாம்லா? போன் வந்தா சுவர் பக்கத்துல போய் நின்னுக்கிடுவேன். குக்கர் சத்தம் கேக்கும், பிள்ளைக சத்தம் கேக்கும். அவனுக்கும் நிம்மதி."

கம்பி துண்டிக்க வந்திருப்பதை யாழ்மொழி சொன்னாள். அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. எழுந்து, வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோல இவள் காதருகே வந்தார்.

"அப்போ இந்த மெஷின் என்ன ஆகும்?"

"எந்த மெஷின் அக்கா?"

"பக்கத்துல ஒண்ணு பேசும். ஆம்பிளைக் குரல், கோயமுத்தூர்ப் பேச்சு. முன்னால வெறும் முணுமுணுப்புதான். பொறவு நல்லாப் பேசப் படிச்சுட்டு. பாவம்மா அது. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு தினம் ஒரு பாட்டு. மெஷினுக்கு எதுக்கு இப்படி ஒரு கதைய வச்சான்னு தெரியல. போய் அவ கால்ல விழுலேன்னு எத்தனை தடவை சொல்லிருப்பேன்! கேட்டாத்தானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கரண்ட நிறுத்துனா அதுக்கு வலிக்குமா?"

யாழ்மொழி அறைக்குத் திரும்பி வந்து சுவிட்சின் முன்னால் நின்றாள். பூபதி தொண்டையைக் கனைத்தான்.

"மேடம், சொல்லாமயே இழுத்து விட்டறலாமுங்க. ரெண்டு பேரும் மெஷின் போயிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. தனித்தனியா எறக்கிக் கூட்டிட்டுப் போயிடலாம். சொன்னமுன்னு வைங்க, மானம் போயிருமுங்க. அந்தாளு என்னென்ன சொன்னாரோ, இந்தம்மா என்னென்ன சொன்னாங்களோ!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மெஷின் என்று நம்பித்தான் இரண்டு பேரும் மனசைத் திறந்து கொட்டியிருக்கிறார்கள். இல்லை, அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தது என்று சொல்வது, குளிக்கிற அறைக்கு ஜன்னல் இருந்தது என்று வருடங்கள் கழித்துச் சொல்வது மாதிரி. சொல்லாவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் செத்துப்போன மெஷினை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

கை சுவிட்சில் இருந்தது. வலிக்குமா என்று கேட்ட அந்த அம்மாளின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. யாழ்மொழி கையை எடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, அது மெஷின் இல்ல. கீழ்வரிசையில ஒருத்தர் இருக்கார். பேரு தனபால். இப்பத்தான் அவர் கையால உப்புமா சாப்பிட்டுட்டு வர்றேன்."

ஜெபசெல்வி முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்து போனது. "ஏசுவே" என்றார். "ஒரு ஆம்பிளைட்டயா நான்... என் மூட்டுவலி, என் மருமகக் கதை... எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கு நான் அழவே இல்லங்கறதைக் கூடச் சொல்லிட்டேனே..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். யாழ்மொழி பக்கத்தில் உட்கார்ந்தாள். பூபதி முறத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய், மிச்சக் கீரையை உருவத் தொடங்கினான்.

வெயில் படியிலிருந்து நகர்ந்தபிறகு ஜெபசெல்வி நிமிர்ந்தார். முகத்தில் வேறொரு எண்ணம் ஏறிக்கொண்டிருந்தது. "அப்போ என் மீன்குழம்பு புளிக்கஞ்சி மாதிரி இருக்கும்னு சொன்னது ஒரு மனுசனா?" என்றார். "சாப்பிட்டே பாக்காம?" சேலையை இழுத்துச் செருகினார். "எங்க இருக்கான் அவன்?"

மண்சரிவைச் சுற்றி அவர் நடந்த வேகத்துக்குப் பூபதியால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தனபால் வாசலில் நின்றுகொண்டிருந்தார், நல்ல சட்டை போட்டு. ஊரைவிட்டுப் போகத் தயாராகியிருந்தார். ஜெபசெல்வியைக் கண்டதும், யாரோ அதிகாரி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மலையிறங்கும்போது திட்டிக்கொண்டே வந்தது எதுவும் அந்த அம்மாளின் வாயில் வரவில்லை. "வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா?" என்றார், தனக்குப் பழக்கமில்லாத மரியாதையோடு.

குரலைக் கேட்டதும் தனபாலின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஜெபசெல்வியைப் பார்த்தார். மறுபடி சுவரை.

"நல்லா இருக்கறனுங்க" என்றார் மெதுவாக. "நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க."

அதற்குமேல் போகவில்லை. இருவரும் எதிரெதிரே நின்று தரையைப் பார்த்தார்கள். தினம் தினம் பேசித் தீர்த்த இருவர், பெண் பார்க்க வந்த வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் போலத் தவித்தார்கள். பூபதிக்கே பொறுக்கவில்லை. "உக்காருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் உட்காரவில்லை.

சட்டென்று ஜெபசெல்வி திரும்பிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். குருவி கூடு கட்டிய வீடு. கதவைச் சாத்திக்கொண்டார். தனபால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

"ஏ மூதி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. "அங்கதான் இருக்கியா?"

"இங்கதான் அம்மிணி."

"உனக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

"இந்த வயசுலயும் புத்தி வரலியே! பொண்டாட்டி கால்ல விழுன்னு எத்தனை நாளாச் சொல்லுதேன்? ஏன்லே கேக்கலை?"

சுவருக்கு இந்தப் பக்கம் தனபால் தரையில் உட்கார்ந்தார்.

"மெஷினுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன்" என்றார் தனபால்.

"இப்போ மனுசி சொல்லுதேன். கேப்பியா?"

வாசலில் நின்ற யாழ்மொழி, கேட்கக்கூடாததைக் கேட்பதுபோல உணர்ந்து ஜீப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே அந்தக் குரல்கள் வந்தன. தனபால் ஏதோ சொல்ல, ஜெபசெல்வி ஏதோ திட்ட, பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். இதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. நடுவில் ஒரு செங்கல் சுவர் போதுமாக இருந்தது.

அவள் மறுபடி மேலே ஏறிப்போய் சுவிட்சை இறக்கினாள். ஊரே ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டது. மிக்ஸி, வாய்ப்பாடு, பொங்கிப் பொங்கித் தீராத பால், எல்லாம் போயின. மரத்தில் காற்று மட்டும் இருந்தது.

இறங்கும் வழியில் ஜீப்பில் ஜெபசெல்வி முன்னால் உட்கார்ந்தார். பின்னால் தனபாலும் பூபதியும் இரண்டு பைகளும். பாதி மலை இறங்கியதும் ஜெபசெல்வி மகனைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரை எப்படி அணைப்பதென்று அவருக்குத் தெரியாததால் எல்லோரும் கேட்டார்கள்.

"ஜெரின், ஏ ராசா, நான் உன்ட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். ஊருல யாரும் இல்லப்பா. எல்லாம் மெஷின் சத்தம். நான் இறங்கி வாரேன்."

மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. "அப்பாடா. வாங்கம்மா. நீங்க வர்றேன்னு எப்ப சொல்லுவீங்கன்னுதான் உங்களுக்குன்னு ஒரு கட்டில் வாங்கி வச்சிருக்கோம். ஆமா, யாரும் இல்லங்கிறீங்க, அந்தப் பக்கத்து வீட்டு மாமா? போன் பண்ணும்போதெல்லாம் உங்க குழம்பக் கிண்டல் பண்ணுவாரே, அவரு வரலியா?"

பெங்களூரில் இருந்தவனுக்கு மட்டும் முதல் நாளிலேயே அது மாமாவாகத் தெரிந்திருக்கிறது. தனபால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாராருப்பா" என்றார் ஜெபசெல்வி. "அவரை ஒரு இடத்துல விட்டுட்டு வாரேன்."

ராசிபுரத்தில் பூங்கொடியின் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மாலையாகிவிட்டது. முன்னறையில் தையல் மிஷின், கொடியில் தைத்து முடித்த ரவிக்கைகள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று தெருமுனையிலேயே சொன்னார்கள். தனபால் ஜீப்பிலிருந்து இறங்க மறுத்தார். ஜெபசெல்வி அவர் பையை எடுத்துக்கொண்டு நடந்ததும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

பூங்கொடி கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்கு வந்தார். புருஷனைப் பார்த்தார். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும் இருந்தது. பிறகு அவருக்கு முன்னால் அவர் பையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். அங்கேதான் ஆச்சரியம் வந்தது.

"ஊருல ஒருத்தரும் இல்லீன்னு சொன்னாங்க" என்றார் பூங்கொடி. "இவங்க யாரு?"

தனபால் வாயைத் திறந்தார். "பக்கத்து வூடு" என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. நல்ல வேளையாக அதுவே நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடுவதற்குள் ஜெபசெல்வி முன்னால் வந்தார்.

"நீங்க பூங்கொடிதானே? உங்க இடது கையில அடுப்புச் சூடு பட்ட தழும்பு ஒண்ணு இருக்கும். நீங்க தூங்கும்போது விளக்கை அணைக்க விட மாட்டிய. ரசத்துல பெருங்காயம் கூடப் போடுவிய."

பூங்கொடி இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"இவருதான். என்னை மெஷின்னு நினைச்சுப் பேசிட்டிருந்தாரும்மா. சுவத்துட்ட. யாரும் கேக்கலன்னு நினைச்சு ஒரு மனுசன் தினமும் ஒரே ஆளைப் பத்திப் பேசுனா, அதுல பொய் இருக்குமா?" ஜெபசெல்வி பையைப் படியில் வைத்தார். "நல்லதும் சொல்லிருக்காரு. மத்ததும் சொல்லிருக்காரு. எதை முதல்ல சொல்லட்டும்?"

தனபாலின் முகத்தில் இரத்தம் வற்றியது. ஜீப்பிலிருந்த பூபதி கண்ணை மூடிக்கொண்டான்.

பூங்கொடி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். தைத்த துணிகளை ஒரு கையால் தள்ளி, பெஞ்சில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினார்.

"மத்ததையே சொல்லுங்க. உக்காந்து சொல்லுங்க" என்றார். பிறகு, புருஷன் நின்ற பக்கம் பார்க்காமலே, "பையத் தெருவுலயே வெச்சுட்டு நிக்கோணுமா? எடுத்து உள்ள வையி" என்றார்.